சத்தம் போடாமல் இறக்கிய கம்பி

போன வாரம் போனில் பேசிய சிநேகிதி ஒருத்தி, "காது மந்தமாயிடுச்சுடி, மிஷின் வச்சிக்கச் சொல்லிட்டாரு டாக்டரு" என்று அழாத குறையாகச் சொன்னாள். காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இத்தனை வருஷம் காது கேட்டதே பெரிய விஷயம் என்று நான் சிரித்துவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். அவளைச் சமாதானம் செய்யத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பள்ளிக்கூடக் கதை பேசுகிற நம் வகுப்புத் தோழிகள் நீங்கள் எல்லாரும் கூடவே படிக்கலாம்.

நாம் வளர்ந்த வட மெட்ராஸின் சத்தத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ரயில், நடுவில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்று ஹாரன் அடிக்கிற லாரிகள். கம்பெனிச் சங்கு ஊதினால்தான் நமக்குப் பொழுது விடியும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் போனால் தகடு அறுக்கிற சத்தத்தில் பல் கூசும். நாம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாலே வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள்.

என் நைனா அந்த மார்க்கெட்டில் லாரி ஓட்டினார். உங்களில் சிலருக்கு அவர் முகம் மறந்திருக்கும், குரல் மறந்திருக்காது. தெருமுனையில் வரும்போதே "இன்னாம்மே, கொயம்பு வச்சிட்டியா?" என்று அம்மாவைக் கேட்பார். எதிர்வீட்டுக்காரி "வச்சாச்சு, வா" என்று பதில் சொல்லுவாள். வருஷக்கணக்கில் இரும்புக்கு நடுவே நின்று அவருக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியாது. மார்க்கெட்டில் அவரை முரடன் என்றார்கள், பொறுமை கெட்ட ஆள் என்றார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான், அவ்வளவு திமிர் என்றும் சொன்னார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான்தான் அவருக்குக் காது. மற்றவர்கள் சொல்வதை அவர் முகத்துக்கு நேராக நின்று வாயசைத்துத் திருப்பிச் சொல்வேன். இன்றைக்கென்றால் அவருக்கு லைசென்ஸே கொடுத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு யார் பார்த்தார்கள்!

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை லீவில் அந்த லோடு வந்தது. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரக் காட்டில், வெயில் காலத்தில் மிருகங்கள் தண்ணீர் குடிக்கத் தொட்டி கட்டப் போகிறார்கள், அதற்குக் கம்பி வேண்டும். கோயம்புத்தூரில் இல்லாத கம்பியா, ஏன் சாத்தாங்காட்டிலிருந்து போயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காண்ட்ராக்டர் நம் பக்கத்து ஆள் என்பார் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நைனாவின் வண்டியில் லோடு ஏற்றி இறக்குவது அவர்தான்.

யானை இருக்கிற காடு என்று காதில் விழுந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"நானும் வரேன். யானைய கோயில் வாசல்ல காசு வாங்கசொல்லதான் பாத்துகீறேன். அது சும்மா நிக்கசொல்ல எப்டி கீதுன்னு ஒரு தபா பாக்கணும்."

"லாரில வர்றியா? இடுப்பு பேந்துடும்மே!" என்று நைனா கத்தினார்.

"பேந்தா பேந்துட்டுப் போவுது. பொண்ணுக்கும் லீவுதான."

அம்மா சொன்னதை நான் நைனாவுக்கு வாயசைத்துச் சொன்னேன். 'பொண்ணுக்கும்' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

அம்மா தன் பச்சை நைலக்ஸ் சேலையைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வருகிற சேலை அது. மாற்றுக்கு இரண்டு சேலை பையில் வைத்தாள். புளிசோறும் வறுத்த நெத்திலிக் கருவாடும் தூக்கில் கட்டினாள். லாரியின் முன்பக்கம் கித்தான் தண்ணீர்ப் பை ஒன்று தொங்கும், உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஓட ஓட உள்ளே தண்ணீர் குளிர்ந்துகொண்டே வரும், குடித்தால் துணி வாசனை அடிக்கும். இப்போது அதை எங்கே தேடினாலும் கிடைப்பதில்லை. எஞ்சின் சூட்டில் கால் வெந்துபோக, அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனோம்.

பாதிக்கு மேற்பட்ட சரக்கு வழியில் ஈரோட்டுக் கடை ஒன்றுக்கு இறங்கியது. கம்பியை நம் ஆட்கள் எப்படி இறக்குவார்கள் என்று பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பிக் கட்டில் ஒரு சங்கிலியைப் போட்டு, மறுமுனையை ஒரு கம்பத்தில் கட்டிவிடுவார்கள். பிறகு வண்டியை முன்னால் எடுத்தால் சரக்கு மொத்தமும் பின்பக்கமாகச் சரிந்து தரையில் விழும். அரை நிமிஷ வேலை. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, அக்கம்பக்கத்தில் தூங்குகிற குழந்தையெல்லாம் எழுந்து அழும். ஈரோட்டிலும் அழுதது. நைனா இறங்கிப் பார்த்து, "சோக்கா எறங்கிச்சி பார்" என்று சிரித்தார். அன்று நாங்கள் எல்லாருமே சத்தத்தைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் சோதனைச் சாவடியில் பேரெழுதிக்கொண்டு காட்டுக்குள் விட்டார்கள். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். காய்ந்த மூங்கிலும் இலையுதிர்ந்த மரமுமாக இருந்தது. காடு என்றால் பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. தொட்டி கட்டும் இடம் ஒரு பள்ளத்தில், வறண்ட ஓடைக்குப் பக்கத்தில். இறக்கம் வந்தால் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுவது நைனா வழக்கம். அப்படியே உருண்டு போய்ப் பள்ளத்தில் நின்றோம். அவர் எஞ்சினை அணைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிற்று. காதுக்குள் யாரோ பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. சங்கு இல்லை, ஹாரன் இல்லை, அலை இல்லை. ஒரு சருகு விழுந்தது, அது விழுந்தது கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதே சமயம் அதை விட்டு நகரவும் மனசில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ இடம் போயிருக்கிறேன், அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

நைனாவுக்கு எல்லா இடமும் அமைதிதான். அவர் பாட்டுக்கு இறங்கினார், சங்கிலியை எடுத்தார், கம்பம் எங்கே என்று தேடினார். பக்கத்தில் நல்ல பருமனாக ஒரு மரம். ஆள் உயரத்துக்கு மேலே அதன் பட்டை முழுக்கச் சேறு அப்பிக் காய்ந்து வழவழவென்று இருந்தது. யானைகள் வந்து முதுகு தேய்த்துக்கொள்கிற மரம் என்று எங்களுக்கு என்ன தெரியும்? நைனா சங்கிலியை அதில் சுற்றினார். மாமா மறுமுனையைக் கம்பிக் கட்டில் மாட்டினார். நைனா ஸ்டியரிங்கைப் பிடிக்க ஏறும்போது, புதருக்குள்ளிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். செருப்பில்லாத கால். அத்தனை வேகமாக வந்தும் காலடிச் சத்தம் இல்லை.

அவர் காட்டைக் காவல் காக்கிறவர். மாமாவிடம் வந்து காதோரமாக ஏதோ கிசுகிசுத்தார். மாமா உடனே சட்டைப் பைக்குள் கையை விட்டார். நம் ஊரில் காக்கிச் சட்டைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தானே!

"சில்ற தான் கீது, வச்சிக்க தலைவா" என்றார் மாமா.

காவலர் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க. சத்தம் மட்டும் பண்ணீராதீங்க. அங்க பாருங்க."

ஓடைக்கு அந்தப் பக்கம், மூங்கில் நிழலில், பாறை என்று நான் நினைத்திருந்தவை அசைந்தன. யானைகள். எல்லாம் பெண் யானைகள் என்றார் காவலர். வட்டமாக, முதுகை வெளியே காட்டி நின்றிருந்தன. அவற்றின் கால்களுக்கு நடுவே ஒரு சின்ன உருவம் எழுந்தது, தள்ளாடியது, உட்கார்ந்தது.

"விடியக்காலதான் கன்னு போட்டிருக்குதுங்க. நிக்குது, நடக்க வரல. இப்ப பெருசா ஒரு சத்தம் கேட்டா கூட்டம் மிரண்டு ஓட்டம் புடிச்சுரும். போன கோடைல இப்படித்தான் எவனோ வெடி போட்டுட்டான். எல்லாக் கூட்டமும் கன்ன உட்டுட்டுப் போகாதுங்க, அது போயிருச்சு. நான் தூக்கிவச்சுப் பாலு குடுத்துப் பாத்தனுங்க. மடியிலயே செத்துப்போச்சு."

சொல்லும்போது அவர் தன் இரண்டு கையையும் மடியில் ஏந்துவது போல வைத்துக்காட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நைனா முன்னால் போய் நின்று அத்தனையையும் வாயசைத்துச் சொன்னேன். அவர் பெரிதாக ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அம்மா பாய்ந்து அவர் வாயைக் கையால் அடைத்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றால் அதுவும் முடியாது. சரக்கோடு அந்த மணல் ஏற்றத்தில் ஏற வேண்டுமென்றால் முதல் கியரில் வண்டி உறுமும், கயிறு அவிழ்த்த கம்பிக் கட்டுகள் ஒன்றோடொன்று மோதும். கூட்டம் எப்போது நகரும் என்று தெரியாது, இருட்டும் வரை நிற்கவும் அனுமதியில்லை. இருக்கிற இடத்தில் இருந்தபடியே, ஒவ்வொரு கம்பியாகக் கையால் இறக்கினால்தான் உண்டு. அதுவும் சத்தமில்லாமல். பிறந்ததிலிருந்து இரும்பைப் போட்டு உடைத்தே பழகின கூட்டம் நாங்கள். காவலர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இந்த மெட்ராஸ் ஆட்களால் ஆகாது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

நைனா முதலில் மரத்தில் கட்டின சங்கிலியை அவிழ்த்தார். ஒவ்வொரு வளையமாக உள்ளங்கையில் வாங்கி, ஒரு குழந்தையைக் கிடத்துகிற மாதிரி கோணிமேல் வைத்தார். அந்தக் கையா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு என் கொலுசைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். அம்மா தன் கண்ணாடி வளையல்களைத் தானாகவே கழற்றி முந்தானையில் முடிந்தாள்.

மாமா தோளில் போடுகிற கோணிகளைத் தரையில் விரித்தோம். போதவில்லை. அம்மா மாற்றுச் சேலை இரண்டையும் எடுத்துத் தந்தாள். வண்டியில் கிடந்த பெட்ஷீட், நைனாவின் லுங்கி, மாமாவின் துண்டு எல்லாம் போயிற்று. அதற்கும் மேல் வேண்டியிருந்தது. அம்மா வண்டிக்குப் பின்னால் போய், மாமாவின் பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டு, பச்சை நைலக்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள். "கியிஞ்சா கியிஞ்சிட்டுப் போவுது" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். நான் வாயசைத்துப் பேசுவதை இத்தனை நாள் கேலி செய்தவள் அவள்.

என்னைக் கேபின் மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள். கூட்டத்தில் பெரியவள் ஒருத்தி எங்கள் பக்கம் பார்த்து நின்றிருந்தாள், ஒரு காதில் கிழிசல் இருந்தது. அவள் காதை விரித்தாலோ துதிக்கையைத் தூக்கினாலோ நான் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்கினால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் காவலரும் கம்பியைப் பிடிக்க வந்துவிட்டார்.

மாமா மேலேயிருந்து ஒரு கம்பியைத் தள்ளுவார். நைனாவும் காவலரும் இரண்டு முனையில் வாங்குவார்கள், தொய்கிற நடுப்பகுதியை அம்மா ஏந்துவாள். நடந்து போய்த் துணிமேல் வைத்து, விரலை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். நைனாவுக்குத்தான் சத்தம் கேட்காதே, எப்படிச் செய்கிறார் என்று பார்த்தேன். கம்பி எதிலாவது உரசினால் அதிர்வு கைக்கு வருகிறது. வந்தவுடன் அவர் பிடியை மாற்றுகிறார். சத்தம் வெளியே வருவதற்கு முன்பே அவர் கையில் அது அடங்கிப்போகிறது. காது நன்றாகக் கேட்கிற மாமாதான் இரண்டு முறை தட்டிவிட்டார். இரண்டு முறையும் அந்தக் கிழிந்த காது விரிந்தது, நான் கையைத் தூக்கினேன், எல்லாரும் சிலையாக நின்றோம்.

நடுவில் ஒரு தரம் நைனா லாரிக் கதவில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். சட்டென்று என்னைப் பார்த்து, "எஞ்சின் ஓடுதா?" என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பாமல் கதவில் உள்ளங்கையை வைத்தபடியே நின்றார். காவலரும் வந்து பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அதுக பேசிக்குதுங்க" என்றார். "அடித்தொண்டைல பேசும். பக்கத்துல நின்னா நெஞ்சுல தெரியும். இத்தன தூரத்துக்கு எனக்கே தெரிஞ்சதில்லீங்க."

நான் அதை நைனாவுக்குச் சொன்னேன். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாக யார் பேச்சும் நேராக அவரிடம் வந்து சேர்ந்ததில்லை. அதன் பிறகு வேலைக்கு நடுவில் வந்து வந்து கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பார்க்கிற எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பக்கம் நடந்ததை நான் கேபின் மேலிருந்து முழுசாகப் பார்த்தேன். குட்டியின் உடம்பெல்லாம் முள் முள்ளாக முடி, காதுக்குப் பின்னால் ரோஸ் நிறம். எழுந்ததும் தன் துதிக்கையைத் தானே மிதித்துக்கொண்டு விழும். உடனே சித்திகளும் பெரியம்மாக்களும் ஆளுக்கொரு துதிக்கையை நீட்டுவார்கள். ஒருத்தி காலால் அணைகொடுப்பாள். இன்னொருத்தி மண்ணை அள்ளி அதன் மேல் போடுவாள், வெயில் சுடாமல் இருக்க. தாய் களைத்துப்போய் நடுவில் நின்றாள், அவளை யாரும் எதற்கும் தொந்தரவு செய்யவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் நம் பெண்கள் செய்வது எல்லாம் அங்கே இருந்தது, அதிகாரம் பண்ணுகிற குரல் மட்டும் இல்லை. போன வருஷம் என் மகன் சஃபாரி ஜீப்பில் கூட்டிப்போனான். யானையைக் கண்டதும் எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். பார்த்த மாதிரியே இல்லை.

வெயில் சாயும்போது கடைசிக் கட்டு மிச்சம் இருந்தது. துணியெல்லாம் தீர்ந்து, இறக்கின கம்பிகள் வெறும் குவியலாகக் கிடந்தன. மாமாவுக்கு வியர்வையில் கை வழுக்கியது. கட்டுக்கம்பி அறுந்து, நாலைந்து கம்பிகள் ஒன்றாக வண்டியின் பின்பக்கம் சரிந்து இறங்கின. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கையைத் தூக்கக்கூட நேரமில்லை.

இரும்பு இரும்பின் மேல் விழுந்தால்தான் சத்தம். நைனா ஒரே எட்டில் குவியல் மேல் இடது காலை வைத்தார்.

ஒரு சத்தமும் வரவில்லை. கம்பி விழுந்த சத்தமும் இல்லை, நைனாவின் சத்தமும் இல்லை. சோற்றில் உப்பு குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற மனிதர், லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றார். காவலரும் மாமாவும் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பெருவிரல் நசுங்கி, செருப்பெல்லாம் ரத்தம். அம்மா ஓடிப்போய் அவரைத் தாங்கினாள். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் ஓடையைத் தாண்டிப் பார்த்தேன். கிழிந்த காதுக்காரி அசையாமல் நின்றாள். காது விரியவில்லை. ஒன்றுமில்லை என்று நைனாவுக்குக் கையைக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் தானாகவே புறப்பட்டது. யாரும் அவசரப்படவில்லை. முன்னால் பெரியவள், நடுவில் தாய், தாயின் வயிற்றுக்குக் கீழே குட்டி. அது நாலு எட்டு வைக்கும், நிற்கும். அத்தனை பெரிய உடம்புகளும் அதற்காக நிற்கும். மூங்கிலுக்குப் பின்னால் கடைசி வால் மறையும் வரை நைனா கதவில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் அவர் தோளைத் தொட்டார். தன் தலைத்துண்டைக் கிழித்து நைனாவின் காலில் கட்டிவிட்டார். கம்பிகளுக்கு அடியில் போன அம்மாவின் பச்சைச் சேலை அங்கேயே தங்கிவிட்டது.

நைனாவிடம் ஓட்டக் கற்றிருந்த மாமா வண்டியை எடுத்தார். காலி வண்டி மெதுவாக ஏற்றம் ஏறியது. நைனா ஜன்னலோரமாக, காவலர் கிழித்த துண்டின் மிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். சோதனைச் சாவடி தாண்டி, தார் ரோடு வந்து, டீக்கடை விளக்கெல்லாம் தெரிந்த இடத்தில் அவர் மாமாவின் கையைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

துண்டை வாயிலிருந்து எடுத்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாகக் கிசுகிசுத்தார்.

"பாப்பா, இங்கேர்ந்து கத்துனா அந்தக் கொயந்தைக்குக் கேக்குமா?"

நான் இறங்கி, ரோட்டோரம் நின்று, காடு இருந்த திசையில் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன். அப்புறம் திரும்பி வந்து அவர் முகத்துக்கு நேராக நின்று, "கேக்காது நைனா" என்று வாயசைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கத்தினார்.